குறையைக் கேள்வியாக்கியவர்: அறிவியலாளர் ஜி.என்.இராமச்சந்திரன்

கடந்த பருவத்தில் எங்களுக்கு ஓர் இடுபணி கொடுத்தார்கள். ஒரு புரதத்தின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் அமைத்து, அது சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்து அமைத்தேன். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோதனை மென்பொருளில் ஏற்றியதும் ஒரு சதுரக் கட்டம் வந்தது. அதற்குள் அங்கங்கே நிழலிட்ட பகுதிகள். அந்த நிழலுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கரும்புள்ளிகள். மூன்று புள்ளிகள் மட்டும் நிழலுக்கு வெளியே சிவப்பாக நின்றன. அந்த மூன்று இடங்களில் நான் அமைத்த உருவத்தை நம்ப முடியாது என்று அர்த்தம். கட்டத்தின் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது: இராமச்சந்திரன் வரைபடம்.

பக்கத்தில் இருந்த மலாய்த் தோழி அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். தமிழ்ப் பெயர்போல இருக்கிறதே, யார் இவர் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன் நான். பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவியல் படித்தேன். வாட்சன், கிரிக், பாலிங் என்ற பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தப் பெயரைப் பாடநூலில் இரண்டு முறையாவது பார்த்திருப்பேன். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார் என்று ஒரு முறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த வார இறுதியில் பாகான் டாலாம் வீட்டுக்கு வந்ததும், அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்த பிறகு என் மூன்று சிவப்புப் புள்ளிகள் மீதிருந்த எரிச்சல் போய்விட்டது. ஏனென்றால் அந்த வரைபடமே ஒரு குறையிலிருந்து பிறந்தது. உலகப் புகழ் பெற்றவர்கள் இராமச்சந்திரனின் ஆய்வில் பிழை இருக்கிறது என்றார்கள். அதற்கு அவர் தேடிய பதில்தான் இன்று உலகம் முழுவதும் மாணவர்கள் படிக்கும் இந்தக் கட்டம்.

கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ஆம் தேதி கேரளத்தின் எர்ணாகுளத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள கோபாலசமுத்திரம் கிராமம். அந்த ஊர்ப் பெயர்தான் அவர் பெயரின் முதல் எழுத்தாக நிற்கிறது. தந்தை நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். தாயார் லட்சுமி அம்மாள். வீட்டிலேயே கணக்கு ஆசிரியர் இருந்ததால், மற்ற பிள்ளைகளுக்கு விளையாட்டு எப்படியோ அப்படி அவருக்குக் கணக்கு ஆகிவிட்டது.

1939-இல் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். 1942-இல் படிப்பை முடித்தபோது சென்னை மாகாணத்திலேயே முதலிடம் அவருக்குத்தான்.

அதே 1942-இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்திற்குப் போனார். அவர் முதலில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். ஆனால் அதே வளாகத்தில் இயற்பியல் துறையில் சர் சி.வி.இராமன் இருந்தார். 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். இராமச்சந்திரனின் மனம் இயற்பியல் பக்கமே இழுத்தது. விரைவிலேயே துறை மாறி இராமனின் மாணவரானார். இந்தப் பையன் மின்பொறியியலுக்கு வேண்டியதைவிடக் கெட்டிக்காரன் என்று சொல்லி இராமனே அவரைத் தம் துறைக்கு இழுத்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு.

நம்மில் பலருக்கு இது தெரிந்த சங்கடம்தான். படிவம் 6 அல்லது மெட்ரிகுலேஷன் முடித்ததும் ஏதோ ஒரு துறை கிடைக்கிறது. மனம் வேறு துறையில் இருக்கிறது. இராமச்சந்திரனுக்குத் துறை மாற ஒரு கதவு திறந்தது. அவரும் தயங்காமல் நுழைந்தார்.

இராமனிடம் அவர் கற்றது படிகங்களைப் பற்றி. வைரம் போன்ற படிகங்களின் மீது ஒளியும் எக்ஸ்-கதிரும் விழுந்தால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். ஒரு படிகத்தின் மீது எக்ஸ்-கதிரைச் செலுத்தினால் அது பல திசைகளில் சிதறி, படத்தகட்டில் புள்ளிக்கோலம் போடும். அந்தக் கோலத்திலிருந்து கணக்குப் போட்டு, உள்ளே அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கலாம். கணக்கும் இயற்பியலும் ஒன்றாகச் சேரும் இந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது. 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இங்கிலாந்தில் இரண்டாண்டு

1947-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அப்போது அதன் தலைவர் லாரன்ஸ் பிராக். எக்ஸ்-கதிரால் படிகத்தைப் படிக்கும் முறையைத் தந்தையோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். டபிள்யூ.ஏ.வூஸ்டர் என்பவரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, 1949-இல் இராமச்சந்திரன் இரண்டாவது முனைவர் பட்டத்தையும் பெற்றார்.

அந்த ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் ஒரு புதுக்காற்று வீசிக்கொண்டிருந்தது. உப்பு, வைரம் போன்ற எளிய படிகங்களை விட்டுவிட்டு, உயிருள்ளவற்றின் மூலக்கூறுகளை எக்ஸ்-கதிரால் படிக்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மேக்ஸ் பெரூட்ஸ் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் வந்து உரையாற்றினார். இராமச்சந்திரன் அவற்றைக் கேட்டார். பெரிய மூலக்கூறுகளின் மீது அவருக்கு ஆர்வம் வந்தது இங்கேதான்.

1949-இல் பெங்களூருக்குத் திரும்பி ஆசிரியப் பணியில் சேர்ந்தார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ.இலட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறைக்கு நல்ல தலைவர் வேண்டும் என்று அவர் தேடியபோது, இராமன் தம் மாணவரின் பெயரைச் சொன்னார். முப்பது வயதை எட்டும் தறுவாயில் இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டி வளாகத்தில் அமர்ந்தார்.

கங்காரு வாலில் கிடைத்த விடை

புதிய துறைக்கு எக்ஸ்-கதிர்க் கருவிகளை வாங்கியாயிற்று. எதை ஆராய்வது? அந்த ஆண்டு பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்தார். பேச்சுவாக்கில், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்றார். இராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் நமக்குத் தெரியாத பொருளல்ல. நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அது. ஆட்டுக்காலை நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் சூப்பு பிசுபிசுப்பாகிறதே, அதுவும் கொலாஜன் கரைந்ததால்தான்.

கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தான் என்பதால், மாதிரிகள் அங்கே கிடைத்தன. அவற்றுள் மிக நல்ல படத்தைத் தந்தது கங்காருவின் வால் தசைநாண். இளம் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் இராமச்சந்திரனும் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

ஒரு துப்பு அவர்களிடம் இருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிபோல் கோத்த சங்கிலி. இயற்கை பயன்படுத்தும் மணிகள் பொதுவாக 20 வகை. கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற ஒரே வகை மணி. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின். மற்றவற்றுக்கெல்லாம் பக்கவாட்டில் கிளைபோல ஓர் அணுக்கூட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். கிளைசினுக்கு அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான்.

இதை வைத்து அவர்கள் சொன்ன விடை இதுதான்: கொலாஜன் ஒற்றைச் சங்கிலி அல்ல; மூன்று சங்கிலிகள் சேர்ந்தது. மூன்றும் நெருங்கி நிற்கும்போது நடுவில் மிகக் குறுகிய இடமே மிஞ்சும். அந்த இடத்தில் கிளைசினைத் தவிர வேறு எதுவும் நுழையாது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாக இருக்கிறது. 1954-இல் இது நேச்சர் இதழில் வெளிவந்தது. 1955-இல் அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று காட்டினார்கள். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் 1953-இல் வெளிவந்திருந்தது. அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து மூன்று சங்கிலி அமைப்பு வந்துவிட்டது.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த குறை

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1955-லேயே அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் நேச்சரில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிரிக் என்றால் டி.என்.ஏ. கண்டுபிடிப்பில் வாட்சனோடு நின்ற அதே கிரிக். மூன்று சங்கிலி முறுக்கு என்ற அடிப்படையை அவர்களும் ஏற்றார்கள். ஆனால் சென்னைக் குழு காட்டிய வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக நிற்கின்றன என்றார்கள். மூன்று மணிகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னைக் குழு சொல்லியிருந்தது. இந்த நெருக்கடியில் ஒன்றுக்குத்தான் இடமுண்டு என்பது அவர்களின் வாதம்.

அன்றைய நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் உலகமே கொண்டாடும் கேம்பிரிட்ஜ். இன்னொரு பக்கம் மூன்றாண்டுகளுக்கு முன் தொடங்கிய ஓர் ஆய்வுக்கூடம். இராமச்சந்திரன் கோபப்பட்டு மறுப்புக் கட்டுரைகளை மட்டும் எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். இல்லையேல், சரி, பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று கொலாஜனை விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம்.

அவர் அந்தக் குறையையே ஒரு கேள்வியாக மாற்றினார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்கிறார்களே, அந்த அளவு என்ன? அதை அளந்து பார்த்தது யார்?

எவ்வளவு நெருங்கலாம்?

அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்பதற்குப் பொதுவான எண்கள் அப்போதும் புழக்கத்தில் இருந்தன. ஆனால் புரதத்தில் அமினோ அமிலங்கள் உரசிக்கொள்ளும் இடங்களுக்கு அந்த எண்கள் பொருந்துமா என்பதை யாரும் முறையாகச் சரிபார்க்கவில்லை. இராமச்சந்திரனும் அவருடைய மாணவர் வி.சசிசேகரனும் அந்த வேலையில் இறங்கினார்கள். அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள், அவற்றைப் போன்ற சேர்மங்கள் என்று அதுவரை படிக அமைப்பு வெளியாகியிருந்தவற்றைச் சேகரித்தார்கள். பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் வரை நெருங்கி நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள்.

பட்டியலில் ஒவ்வோர் அணுச்சோடிக்கும் இரண்டு எல்லைகள் வைத்தார்கள். ஒன்று, வழக்கமாகக் காணப்படும் எல்லை. மற்றொன்று, அரிதாக என்றாலும் இயற்கை அனுமதிக்கும் கடைசி எல்லை. கார்பனும் ஆக்சிஜனும் என்றால் வழக்கமான எல்லை 2.8 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 2.7. இரண்டு ஹைட்ரஜன்கள் என்றால் 2.0, கடைசி எல்லை 1.9. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். அதிலும் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்துக்காக அவ்வளவு வேலை. ஒரு வடிவம் நிற்குமா நிற்காதா என்பதை அந்தப் பத்தில் ஒரு பங்குதான் தீர்மானிக்கிறது.

அடுத்த கேள்வி: இந்த எல்லைகளை மீறாமல் ஒரு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளையலாம்? சங்கிலியில் இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பகுதி தட்டையானது. அட்டைபோல விறைப்பாக நிற்கும். இரண்டு அட்டைகளை மூலையில் ஒரு பொத்தானால் இணைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் இருக்கும் இடத்தில் ஒரு கார்பன் அணு. அதன் இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. இந்த இரண்டு திருகு கோணங்களுக்கும் ஃபை, சை என்று பெயர். இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு மணிக்கும் சொல்லிவிட்டால் சங்கிலியின் முதுகெலும்பு எப்படி வளைகிறது என்று சொல்லிவிடலாம். நூற்றுக்கணக்கான அணுக்களின் சிக்கலை அவர்கள் இரண்டு எண்களுக்குள் அடக்கிவிட்டார்கள்.

இனி, தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக்குப் போகும் சாலையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தோள் உரச மக்கள் நடக்கிறார்கள். பெரிய காவடி எடுத்தவர் நினைத்த பக்கமெல்லாம் திரும்ப முடியாது. கொஞ்சம் திரும்பினாலும் காவடியின் விளிம்பு பக்கத்தில் வருபவர் மீது இடிக்கும். பால்குடம் ஏந்தி வருபவர் கூட்டத்துக்குள் ஓரளவு எளிதாகத் திரும்பி நடந்துவிடுவார். பக்கக்கிளை உள்ள அமினோ அமிலங்கள் காவடி எடுத்தவர்களைப் போல. கிளைசின் பால்குடக்காரரைப் போல. எந்தக் கோணத்தில் திரும்பினால் யார்மீது இடிக்கும் என்று கணக்குப் போட்டால், கடைசியில் எந்தெந்தத் திருப்பங்கள் மிஞ்சும்? அதைத்தான் அவர்கள் கணக்கிட்டார்கள்.

இந்தக் கணக்கில் மாணவர் சி.இராமகிருஷ்ணனும் சேர்ந்தார். இரண்டு கோணங்களையும் 10 பாகை இடைவெளியில் மாற்றிப் பார்த்தால்கூட 1,296 நிலைகள் வரும். ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வோர் அணுச்சோடியின் தூரத்தையும் கணக்கிட்டு, பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இன்று என் மடிக்கணினி அதைக் கண்சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும். அவர்கள் மேசைமீது வைக்கும் கணக்கீட்டுப் பொறியை வைத்துக்கொண்டு எண் எண்ணாகப் போட்டார்கள்.

முடிவு அவர்கள் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக வந்தது. ஃபை கோணத்தைப் படுக்கை அச்சிலும் சை கோணத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தபோது, கட்டத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இடம் வெறுமையாக நின்றது. அங்கெல்லாம் ஏதாவது இரண்டு அணுக்கள் இடித்துக்கொள்கின்றன. மிஞ்சியது சில தீவுகள் மட்டும். பாலிங் 1951-இல் சொன்ன ஆல்ஃபா சுருள் ஒரு தீவில் விழுந்தது. நீட்டிய சங்கிலிகள் அடுக்கடுக்காக அமையும் பீட்டா தாள் இன்னொரு தீவில் விழுந்தது. கொலாஜனும் அந்தப் பக்கத்திலேயே இடம் பிடித்தது. எல்லாம் வெறும் நெருக்கத்தின் கணக்கிலிருந்து வந்தவை.

1963-இல் மூலக்கூறு உயிரியலுக்கான பிரிட்டிஷ் ஆய்விதழ் ஒன்றில் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரின் பெயரில் இது வெளிவந்தது. மொத்தம் ஐந்தே பக்கம்.

சரி, யார் சொன்னது சரி?

படிக்கும்போது எனக்கு இந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. கொலாஜன் விஷயத்தில் வென்றது யார்?

பதில் வர நாற்பது ஆண்டு ஆயிற்று. 1994-இல் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிக அமைப்பைத் துல்லியமாகக் கண்டார்கள். மூன்று சங்கிலிகள், கயிறு முறுக்கு, மூன்றாம் இடந்தோறும் கிளைசின்: இவையெல்லாம் சென்னையில் சொன்னபடியே இருந்தன. ஆனால் மூன்று மணிகளுக்கு நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான். அந்த இடத்தில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரி. பிறகு இன்னொன்றும் தெரிந்தது. ஒரு கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன், எதிர்ச் சங்கிலியின் ஆக்சிஜனை வழக்கத்தைவிட நெருங்கி நின்றது. அப்படிப்பட்ட நெருக்கமும் ஒரு மெல்லிய பிணைப்பாக இருக்கலாம் என்று இராமச்சந்திரனின் குழு அறுபதுகளிலேயே கருதிப் பார்த்திருந்தது.

ஆக, குறை சொன்னவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. இராமச்சந்திரன் பெரியவராக நிற்பது அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்ததால் அல்ல. தம் மீது வந்த குறையைத் தீர விசாரித்து, அதிலிருந்து எல்லாருக்கும் பயன்படும் ஓர் அளவுகோலை அவர் செய்து கொடுத்தார். கொலாஜனைப் பற்றி ஒன்றும் தெரியாத மாணவருக்குக்கூட அந்த அளவுகோல் இன்று உதவுகிறது.

மருத்துவமனையிலும் அவர் கணக்கு

சென்னைத் துறையின் பெயர் உலகெங்கும் பரவியது. 1963-லும் 1967-லும் அங்கு நடந்த அனைத்துலகக் கருத்தரங்குகளுக்குப் பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். 1969-இல் இலட்சுமணசாமி முதலியாரின் துணைவேந்தர் பதவி முடிந்தது. அதன்பின் இராமச்சந்திரனும் சென்னையை விட்டுக் கிளம்பினார். சில காலம் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1971-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார்.

அதே 1971-இல் அவரும் ஏ.வி.இலட்சுமிநாராயணனும் சேர்ந்து இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பொருளைப் பல கோணங்களில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால், அந்தத் தட்டைப் படங்களை வைத்து உட்புறத்தை எப்படித் திரும்ப உருவாக்குவது என்பது அதன் பொருள். அதுவரை இருந்த கணக்குமுறைகள் நீளமானவை. இவர்கள் சொன்ன வழி வேகமானது, கணினிக்கும் ஏற்றது. மருத்துவமனையில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுக்கிறார்களே சி.டி. ஸ்கேன், பின்னர் வந்த அந்தக் கருவிகளில் இத்தகைய கணக்குமுறை பரவலாகப் பயன்பட்டது. சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மேக் இருவருக்கும் கிடைத்தது.

இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1961-இல் இந்தியாவின் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது கிடைத்தது. 1977-இல் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது. 1999-இல் அனைத்துலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு வந்தது. பிற்காலத்தில் அவர் மனம் தத்துவத்தின் பக்கம் போனது. தருக்கத்தைக் கணக்காக எழுத முடியுமா என்று ஆராய்ந்தார்.

1945-இல் அவர் மணந்த துணைவியார் இராஜலட்சுமி 1998-இல் காலமானார். அந்தப் பிரிவு அவரைத் தளர வைத்தது. பார்க்கின்சன் நோயும் வாட்டியது. 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் அவர் உயிர் பிரிந்தது. அவர் மகன் இரமேஷ் நாராயண் இன்று கருந்துளைகளை ஆராயும் புகழ்பெற்ற வானியற்பியலாளர்.

மூன்று சிவப்புப் புள்ளிகள்

இன்று உலகில் எந்த மூலையில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்க இராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு ஆல்ஃபாஃபோல்டு என்ற பெயரில் புரத அமைப்புகளைக் கணித்துத் தருகிறது. அதை உருவாக்கியவர்களுக்கு 2024-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. அந்த இயந்திரம் கணித்துத் தரும் உருவங்களையும் இதே கட்டத்தில்தான் சோதிக்கிறோம்.

அமினோ அமிலங்களின் நெருக்கத்தை ஆராய்வது இப்போது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. சங்கிலியில் வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு மணிகள், சங்கிலி மடிந்த பிறகு 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் அவை தொடுகின்றன என்று வைத்துக்கொள்கிறார்கள். எவை எவற்றைத் தொடுகின்றன என்ற பட்டியல் கையில் இருந்தால், புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்று பெருமளவு சொல்லிவிடலாம். ஒரு மருந்து எங்கே ஒட்டும், ஒரு மணி மாறினால் ஏன் நோய் வருகிறது என்பதற்கும் அங்கிருந்தே வழி கிடைக்கிறது. கொலாஜனில் ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு மணி வந்துவிட்டால் அந்தக் குறுகிய நடுப்பகுதியில் அது அடங்காது. எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. மூன்றாம் இடந்தோறும் கிளைசின் ஏன் வேண்டும் என்று 1954-இல் சொன்ன காரணம், இன்று ஒரு குழந்தையின் எலும்பு ஏன் முறிகிறது என்பதற்கும் காரணமாகிறது.

என் இடுபணியை முடிக்கிறேன். அடுத்த வாரம் கணினிக்கூடத்துக்குத் திரும்பி அந்த மூன்று சிவப்புப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் இரண்டும் என் தவறு. சங்கிலி வளையும் ஓர் இடத்தை அவசரத்தில் இறுக்கமாக மடக்கியிருந்தேன். கோணங்களைத் தளர்த்தியதும் புள்ளிகள் நிழலுக்குள் வந்துவிட்டன. மூன்றாவது எவ்வளவு முயன்றும் நகரவில்லை. பிறகு அது எந்த அமினோ அமிலம் என்று பார்த்தேன். கிளைசின். மற்ற மணிகளுக்கு மறுக்கப்பட்ட இடத்திலும் அதனால் நிற்க முடியும். மற்ற மணிகளுக்கான கட்டத்தில் அதையும் சேர்த்துப் போட்டதுதான் நான் செய்த பிழை. கிளைசினுக்குரிய கட்டத்தில் போட்டதும் அது நிழலுக்குள் சரியாக அமர்ந்தது.

மாணவ நண்பர்களே, நமக்கும் சிவப்புப் புள்ளிகள் வரத்தான் செய்யும். தேர்வுத்தாளில் வரும், ஆய்வறிக்கையில் வரும், விரிவுரையாளரின் குறிப்பில் வரும். சிலவற்றில் நாம் திருந்த வேண்டும். சிலவற்றில் அளவுகோலைத் திரும்பப் பார்க்க வேண்டும். எது எது என்று தெரிய, அந்தப் புள்ளியைத் திறந்து அளந்து பார்க்கும் பொறுமை வேண்டும். சென்னையில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் அதைச் செய்து காட்டியிருக்கிறது.

தோழியிடம் இப்போது பதில் சொல்லிவிட்டேன். அடுத்த முறை அந்த வரைபடம் உங்கள் பாடநூலில் வந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு நீங்களும் சொல்லுங்கள்.